ஜமீன் தின்ற பயம்

தென்காசியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் கைலாசம் அண்ணாச்சியின் வளவு இருக்கிறது. ஒரே வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு, ஒரு தென்னை, ஒரு கரண்டுக் கம்பம், இவற்றைச் சுற்றி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற வாடகை வீடுகள். ஒரு வீட்டில் வத்தல் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அந்த வளவில்தான், கன்றுக்குட்டி உயரமும் பானை மாதிரித் தலையும் கொண்ட ஜமீன் என்ற நாய், ஆட்களின் பயத்தையெல்லாம் தின்றது. எப்படித் தின்றது, அது எப்படி நடக்கும் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அங்கே இருந்த யாரும் கேட்கவில்லை. மழை பெய்தால் வாளியை எடுத்து வெளியே வைப்பார்களா, மேகத்திடம் போய் விசாரணை நடத்துவார்களா?

ஜமீன் அங்கே வந்து சேர்ந்தது இப்படி. உலகம்மாளின் புருஷன் வேலாயுதம் குற்றாலத்துப் பக்கம் ஒரு பங்களாவில் டிரைவராக இருந்தான். பங்களாக்காரர் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பியபோது சோபாவைத் தோட்டக்காரனுக்கும் பிரிட்ஜைச் சமையல்காரிக்கும் கொடுத்துவிட்டு, நாயை வேலாயுதத்துக்குக் கொடுத்தார். சோபா வாங்கினவன் பிழைத்தான். கிரேட் டேன் வகை நாய், வீட்டுக்குள் திரும்பினால் வால் பட்டு டம்ளர் பறக்கும், படுத்தால் வாசல் அடைபடும், தலையை உதறினால் எச்சில் சாமி படம் வரைக்கும் போகும். உலகம்மாள் முதல் நாள் அதைப் பார்த்ததும் அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ஆனால் வளர்க்கிற வேலை என்னவோ அவள் தலையில்தான் விழுந்தது. வேலாயுதத்துக்கு அதைப் பிடித்துக்கொண்டு டீக்கடை வரை நடந்து நாலு பேரை மிரட்டத் தெரியும், அவ்வளவுதான். ரேஷன் அரிசியில் கோழிக்காலும் கேரட்டும் மஞ்சளும் போட்டுக் குழைய வடித்து ஆறவைத்தவள் அவள், குனிந்து தின்றால் வயிறு உப்பிக்கொள்ளும் என்று ஸ்டூலின் மேல் சட்டியை வைத்துக் கொடுத்தவள் அவள், தின்றதும் துள்ளக் கூடாதே என்று கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தவள் அவள், வெறுந்தரையில் படுத்து முழங்கையில் விழுந்த காய்ப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சாக்குக்குள் வைக்கோல் திணித்து மெத்தை தைத்து, காது மடலுக்குள் உண்ணி பொறுக்கி, சித்திரை வெயிலில் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு, எல்லாம் அவள்தான். கொஞ்ச நாளில் அது அவள்மேல் சாய்ந்து நிற்கத் தொடங்கியது. அந்த வகை நாய்களுக்குப் பிரியம் வந்தால் முழு உடம்பையும் ஆள்மேல் சாய்த்துவிடும். உலகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏ ஜமீனு, என்னைய நசுக்கிராதய்யா" என்று சிரிப்பாள்.

அவள் வாய்விட்டுச் சிரித்தது அதனிடம் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் அவளுக்குப் பயம். கேஸ் சிலிண்டர் பயம், டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் நிற்கப் பயம், கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம், கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற பயம், மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் தெருமுனைக்கு ஓடிப்போய் நிற்கிற பயம். வளவே அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணும். இதில் ஜமீன் வந்து புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. தடுப்பூசி போட வந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா, "உடம்பு பெருசா இருக்கிற நாய்க்கு ஆயுசு கம்மிம்மா, அதுக்குத் தயாரா இருந்துக்கோங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதற்குத் தயாராக இருப்பது? உலகம்மாள் அன்றிலிருந்து நாயின் மூஞ்சியில் நரை தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் முற்றத்துத் தென்னையில் இடி விழுந்தது. கொட்டுகிற மழையில் மரத்தின் தலை தீப்பிடித்து எரிந்ததை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் குழலி பார்த்துவிட்டாள். குழல்வாய்மொழி என்று குற்றாலத்து அம்மன் பெயர் வைத்து, குழலி என்று கூப்பிடுகிற பிள்ளை, மூன்றாம் வகுப்பு. அப்புறம் பேச்சில்லை. சோறு இறங்கவில்லை, உடம்பு அனலாகக் கொதித்தது, கண்ணை மூடவே மாட்டேன் என்கிறாள், ஜன்னல் பக்கம் திரும்பினால் வீல் என்று கத்துகிறாள். பயந்த கோளாறு. இதற்கு என்ன செய்யவேண்டும் என்று வளவில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மஞ்சள் சோறு, கரி பிசைந்த கறுப்புச் சோறு, குங்குமம் பிசைந்த சிவப்புச் சோறு, உருண்டை பிடித்துப் பிள்ளையின் தலையைச் சுற்றி, அதன்மேல் துப்பச் சொல்லி, திரும்பிப் பார்க்காமல் கொண்டுபோய் முச்சந்தியில் வைத்துவிட்டு வரவேண்டும். முச்சந்திச் சோற்றைத் தெருநாய் கொஞ்சம் தின்னும், காக்காய் கொஞ்சம் கொத்தும், எறும்பு கொஞ்சம் இழுக்கும், மிச்சத்தை மழை கரைக்கும். பயம் பல பேருக்குப் பிரிந்து போய்விடுவதால் ஒருத்தருக்கும் பாரமில்லை. அந்த ஏற்பாட்டின் அருமையே அதில்தான் இருக்கிறது.

ஆனால் அன்றைக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மின்னல் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. தட்டோடு வந்த உலகம்மாள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். பக்கத்தில் ஜமீன் நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. இதுவும் நாய்தானே, முச்சந்தி நாய் தின்றால் என்ன, நம்ம நாய் தின்றால் என்ன என்று நினைத்து, தட்டைத் தரையில் வைத்துவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான். ஜமீன் ஒரே வாயில் மூன்று உருண்டையையும் வழித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்தது.

விடிந்ததும் குழலி எழுந்து தோசை கேட்டாள். தின்றுவிட்டு முற்றத்துக்குப் போய்க் கருகின தென்னையைத் தொட்டுப் பார்த்து, கையில் ஒட்டின கரியைக் கன்னம் வரைக்கும் மீசையாக வரைந்துகொண்டு வந்தாள். ஜமீன் அவள் பின்னாலேயே வாசல் வரை போனது, மரத்தைப் பார்த்தது, அப்படியே பின்வாங்கி வீட்டுக்குள் ஓடித் தலையைக் கட்டிலுக்கடியில் விட்டுக்கொண்டது. தலை மட்டும்தான் அடங்கியது. மற்றதெல்லாம் வெளியே கிடந்து வெடவெடவென்று நடுங்கியது.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் இதை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குள்ளத நாய் வாங்கிக்கிட்டாக்கும்" என்றாள், பால் திரிந்துவிட்டதாக்கும் என்று சொல்கிற அதே குரலில். கொஞ்சம் யோசித்தாள். "மைனி, எங்க மாமியா சுரண்டையில இருந்து ஞாயித்துக்கிழம வாராவ. நினைச்சாலே கைகால் ஓடல. நானும் ஒரு வாய் சோறு சுத்திக் கொண்டாரட்டுமா?"

உலகம்மாள் வேண்டாம் என்று சொல்வதற்குள் வேலாயுதம், "கொண்டாங்க கொண்டாங்க, அதுக்குத் தீனி குடுத்து மாளல" என்றுவிட்டான். மரியபுஷ்பம் ஜெபம் சொல்லிக்கொண்டே சோற்றைத் தன் தலையைச் சுற்றித் துப்பிக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினதுதான் தாமதம், பக்கத்து வாசலில் படுத்திருந்த ஜமீன் படுத்த இடத்திலேயே மூத்திரம் போனது. மரியபுஷ்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாமியாரிடம் காப்பியா டீயா என்று கேட்டாள்.

அதற்கப்புறம் யாரைத் தடுக்க முடியும்? வயர்மேன் வீரபுத்திரன் கம்பத்தில் ஷாக் அடித்து விழுந்ததிலிருந்து வீட்டு சுவிட்சைக்கூடத் துண்டை வைத்துத்தான் தொடுவான். அவன் சோறு கொண்டுவந்தான், மறுநாள் வெறுங்கையோடு கம்பத்தில் ஏறினான். தினமும் காலையில் அதே கம்பத்தில் காலைத் தூக்கி வந்த ஜமீன் அன்றிலிருந்து அந்தப் பக்கமே போகாமல் அடக்கிக்கொண்டு துடித்தது. பத்தாம் வகுப்பு படிக்கிற பெண் கணக்குப் பரீட்சைப் பயத்தைக் கொண்டுவந்தாள், நீல அட்டை போட்ட புத்தகத்தைக் கண்டால் ஜமீன் முனக ஆரம்பித்தது. பிரசவத்துக்கு வந்தவள் வலியைப் பற்றின பயத்தையும், புதுமாப்பிள்ளை ஒருத்தன் என்ன பயம் என்று சொல்லாமல் ஒரு பயத்தையும் கொண்டுவந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து வந்தார்கள், மேலகரத்திலிருந்து வந்தார்கள், ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். வேலாயுதம் கோயில் மணியக்காரன் மாதிரி வாசலில் நின்று வரிசை போட்டான். வெறும் சோறு கொண்டுவந்தவர்கள் நெய் ஊற்றிக் கொண்டுவந்தார்கள், அப்புறம் கறிக்குழம்பு ஊற்றிக் கொண்டுவந்தார்கள். "ஊசி போடப் போறியா? ஜமீன்கிட்ட குடுத்துட்டுப் போயிரு" என்று பேசிக்கொள்வது குடையை எடுத்துக்கோ என்று சொல்வது போலாகிவிட்டது. ஜமீன் நாய்தானே, சோறு என்று வைத்தால் தின்றது. தின்றுவிட்டு ஒவ்வொரு தரமும் உலகம்மாள் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் அது அவளுக்குத் தெரிந்த பார்வை. கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வை.

வளவு மாறிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது, உலகம்மாளுக்கு இல்லை. யாரும் கதவைப் பூட்டவில்லை. அடுப்பை எரியவிட்டுச் சந்தைக்குப் போனார்கள். ரயில் கூவக் கூவத் தண்டவாளத்தைத் தாண்டினார்கள், எஞ்சினைப் பார்த்துக் கையாட்டினார்கள். வீரபுத்திரன் ஒருநாள் கையில் தோல் உரிந்து கருகி வந்து, "பாத்தியளா மைனி, கறி வாடை அடிக்குல்லா" என்று சிரித்தான். கைக்குழந்தை தவழ்ந்து கிணற்றுப் பக்கம் போனால் பெற்றவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள், உலகம்மாள்தான் ஓடிப்போய்த் தூக்கவேண்டும். குழலி கிணற்றுச் சுவரின்மேல் ஒற்றைக்காலில் நொண்டியடித்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்வாள். "ஏட்டி, எறங்குட்டி, அம்மாக்கு உசிரு போவுது" என்று கத்தினால், "ஏன்?" என்று கேட்பாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. பயமில்லாத மகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படித் தூங்குவாள்? உலகம்மாள் ஒரு கண்ணைக் கிணற்றின் மேலும் ஒரு கண்ணை நாயின் மேலும் வைத்துக்கொண்டு திரிந்தாள். வளவில் பயம் மிச்சமிருந்தது இரண்டே பேரிடம், அவளிடமும் ஜமீனிடமும். நாயும் அவளும் சுவரோரம் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அது பிரியத்தில் சாயவில்லை, ஒளிந்துகொள்ள இடம் தேடிச் சாய்ந்தது.

"ஒனக்கும் ஒரு உருண்ட சுத்திப் போட்டுருவமா?" என்று வேலாயுதம் ஒரு தரம் கேட்டான்.

"என்னுதையும் அது தலையில கட்டவா? பாவம், அது எவ்வளவுதான் தாங்கும்!" என்றாள்.

ஆனியில் கைலாசம் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்துக் கூட்டிவந்தார்கள். வந்தவர் படுக்க மாட்டேன் என்றார். கண்ணை மூடினால் திறக்காமல் போய்விடுமோ என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு சோற்றுத் தட்டோடு வந்தார். உலகம்மாளுக்கு என்ன கொண்டுவருகிறார் என்று புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசாதவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, இது மட்டும் வேண்டாம். ஒங்க கால்ல விழுதேன். கம்பத்தக் கண்டு பயப்படட்டும், புஸ்தகத்தக் கண்டு பயப்படட்டும். அதுக்குச் சாவுன்னா என்னன்னு தெரியாது. வயித்துக்குச் சோறு, படுக்கச் சாக்கு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். சாவப்போறோம்னு அதுக்குச் சொல்லிக்குடுத்துராதீய."

"நாய்தானம்மா" என்றார் அண்ணாச்சி. அழுதுகொண்டுதான் சொன்னார், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. "நான் கண்ண மூடித் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

"வளவுக்காரர் வந்து கேக்காரு, என்னட்டி மறிச்சுக்கிட்டு நிக்க?" என்று வேலாயுதம் அவள் தோளைப் பிடித்து நகர்த்தினான். ஜமீன் வாசனை பிடித்து வந்தது. வாலைக்கூட ஆட்டியது, பாவி, அது ஆட்டுக்கறிக் குழம்பு.

அண்ணாச்சி அன்று மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினார். ஜமீன் முற்றத்தின் நடுவில் நின்று தன் முன்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது, அவை யாருடையவை என்று கேட்பது போல. அதன்பிறகு அது படுக்கவில்லை. நின்றபடியே கண் சொருகும், தலை தொங்கும், தொங்கின அந்த நொடியில் திடுக்கிட்டு நிமிர்ந்து அலறும். அவ்வளவு பெரிய உடம்பு, அதன் அலறல் பச்சைக்குழந்தையுடையது போல் இருந்தது. தன் மார்புக்குள் எதுவோ அடிக்கிறதே என்று தலையைத் திருப்பித் திருப்பித் தன் விலாவைக் கேட்டது. சட்டியில் சோறு வைத்தால் பின்னுக்கு நகர்ந்தது. எலும்பு தெரிய ஆரம்பித்தது.

டாக்டரம்மா வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "இதயம் வீங்கிப்போச்சும்மா. இந்த வகைக்கு வரக்கூடியதுதான், வயசும் ஆயிருச்சு. ரெண்டு நாளோ நாலு நாளோ. வலி தெரியாம இருக்க மருந்து தாரேன்." கிளம்பும்போது நின்றார். "நான் எத்தனையோ நாயக் கடைசியில பாத்திருக்கேன். எல்லாம் ஒரு மூலைக்குப் போயி அது பாட்டுக்குப் படுத்துக்கும். இது ஏன் இப்படிப் பயப்படுது?"

சுற்றி நின்றவர்களில் ஒருத்தரும் தலைகுனியவில்லை. வெட்கம்கூட ஒருவகைப் பயம்தானே, அதுவும் அவர்களிடம் இல்லை.

ஜமீன் சாகப்போவதை உலகம்மாள் ஏற்றுக்கொண்டாள். அதற்குத்தான் அத்தனை வருஷம் பயந்து பயந்து தயாராகியிருந்தாள். ஆனால் இப்படிச் சாகக்கூடாது. தன் கையால் தட்டை வைத்துத் தொடங்கின வினை, அதன் கண்ணில் இந்தப் பயத்தோடு போகவிட்டால் அப்புறம் தனக்கு எந்தச் சாமியிடமும் நிற்க முகம் கிடையாது. இதுதான் அவள் நினைப்பு, வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலையில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உலகம்மாள் குளித்து, சோறு வடித்து, மஞ்சளும் கரியும் குங்குமமும் பிசைந்து பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்தாள். நின்றுகொண்டிருந்த ஜமீனைச் சுற்றிக் கையை ஓட்டினால் எட்டாது, அதனால் தட்டை ஏந்திக்கொண்டு அவளே அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். துப்பச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, எச்சில் தானாகவே வடிந்து உருண்டைகளின்மேல் விழுந்தது. "என்னட்டி கூத்து இது?" என்று வேலாயுதம் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முச்சந்திக்கு நடந்தாள்.

முச்சந்தியில் மடி தொங்க ஒரு பெட்டைநாய் படுத்திருந்தது. சோற்று வாசனைக்கு எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, குட்டிகள் பின்னால் உருண்டு வர, அவளிடம் ஓடிவந்தது. ஒரு நாய்க்குச் செய்தது போதாதா? தட்டை உயரத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். திரும்பக் கூடாது என்பார்கள். திரும்பினாள், திரும்பி வீடு வரைக்கும் ஓடினாள்.

"ஆளுக்கு ஒரு வாய் தின்னுருங்க" என்று முற்றத்தில் நின்று கேட்டாள். கெஞ்சித்தான் கேட்டாள். "உங்களுதுதான். ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துக்கிட்டா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது. அது நிம்மதியா கண்ண மூடிக்கிடும்."

எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். மரியபுஷ்பம், "போங்க மைனி, கெடச்ச சொகத்த யாராவது திருப்பிக் குடுப்பாவளா?" என்று சிரித்தாள். வீரபுத்திரன் கருகின கையால் மீசையை நீவிக்கொண்டு, வேலை இருப்பதாகச் சொல்லிக் கம்பத்தைப் பார்க்கப் போனான். கைலாசம் அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தபடி, "உலகு, நான் இப்ப எவ்வளவு நல்லா தூங்குதேன் தெரியுமா?" என்றார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயம் இருந்தால் அல்லவா அந்த நாய்க்காகப் பயப்படுவார்கள். வேலாயுதம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனுடையதும் அதில் உண்டு, என்றைக்கோ ரகசியமாகக் கொடுத்திருக்கிறான், அது அவளுக்குத் தெரியும்.

உலகம்மாள் ஜமீனின் காலடியில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்தாள். வைத்தாளே தவிர, கை வாய்க்குப் போகவில்லை. தன்னுடைய பயத்தையே சுமக்க முடியாமல் திரிகிறவள், ஊருடையதை எப்படி விழுங்குவாள்? தின்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நினைத்தாள், தன் நெஞ்சு வெடித்துத் தான் முதலில் செத்துவிடுவோம் என்று நினைத்தாள், குழலிக்கு யார் தலை பின்னுவார்கள் என்று நினைத்தாள். மேலே ஜமீன் கண் சொருகி, திடுக்கிட்டு, அலறியது.

"அம்மா." குழலி கிணற்றுச் சுவரிலிருந்து குதித்து வந்தாள். கன்னம், கண் எல்லாம் வறண்டு இருந்தது. "ஜமீன் சாவப்போவுதுன்னு அப்பா சொன்னாங்க. நான் அழணும்னு உக்காந்து உக்காந்து பாத்தேன். அழுகையே வரலம்மா. எனக்கு ஜமீன்னா எம்புட்டு இஷ்டம்! ஏம்மா வரல?"

குழலி குனிந்து தட்டைப் பார்த்தாள்.

"இதுல என்னோடது எது?"

"வேண்டாம்டி தங்கம்."

"என்னோடதத் தா."

எது யாருடையது என்று சோற்றில் எழுதியா இருக்கிறது? பிள்ளை தானாகவே மஞ்சள் உருண்டையில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு அவள் கண் மெதுவாகக் கருகின தென்னை வரைக்கும் போனது, கிணற்றுச் சுவருக்குப் போனது, ஜமீனின் முகத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது. உதடு பிதுங்கியது. "அம்மா" என்று ஒரு கத்தல் கத்தி உலகம்மாளின் முதுகில் வந்து விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தப் பிள்ளை அழுதது.

பிள்ளையை முதுகில் போட்டுக்கொண்டே உலகம்மாள் தின்றாள். அள்ளி அள்ளித் தின்றாள். கம்பம் இறங்கியது, மாமியார் இறங்கினாள், பரீட்சையும் பிரசவமும் இறங்கின, பெயர் தெரியாத ஊர்க்காரர்களின் போலீஸும் பாம்பும் பேயும் இறங்கின, வேலாயுதத்தினுடையது இறங்கியபோது, அட மனுசா, நாங்கள் இரண்டு பேரும் உன்னை விட்டுப் போய்விடுவோம் என்றா இத்தனை நாள் பயந்தாய் என்று அவனை ஏறிட்டுப் பார்த்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிட்டியது. கடைசியாகக் கறுப்பு உருண்டை, மிச்சம் இருந்தது அண்ணாச்சியுடையதுதான். அதைக் கையில் எடுத்தாள். ஜமீன் தலையைத் தாழ்த்தி அவள் கையை முகர்ந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை வாயில் அடைத்து விழுங்கினாள்.

ஜமீனின் நடுக்கம் நின்றது. சுற்றிலும் ஒரு தரம் பார்த்தது, தெரிந்த முற்றம், தெரிந்த ஆட்கள், தூறல். ஒரு பெரிய கொட்டாவி விட்டது. முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, கிழவர்கள் உட்காருவது போல முனகிக்கொண்டே படுத்து, தலையை உலகம்மாளின் மடியில் வெறும் தட்டின்மேல் வைத்தது. தட்டில் விழுந்திருந்த தூறல் தண்ணீரை, அது பாட்டுக்கு, இரண்டு தரம் நக்கியது. அப்புறம் தூங்கிப்போனது. தூக்கத்தில் கால் லேசாக ஓடியது, வால் தரையில் தட்டியது, தட்டுவது நின்றது. மூச்சு நின்றபோது உலகம்மாளின் கை அதன் காது மடலுக்குள் இருந்தது.

வளவுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். "குழி பெருசா வேணும்" என்றார் ஒருத்தர். "ஆமா, நல்ல நாய்" என்றார் இன்னொருத்தர். வீரபுத்திரன் கம்பத்தில் பாதி ஏறியிருந்தான். அவன் கை கம்பிப் பக்கம் நீண்டதை உலகம்மாள் பார்த்தாள், அவனுடைய பயம் அவள் வயிற்றிலிருந்து எழும்பித் தொண்டையை முட்டியது. "கைய எடுல, மூதி! மெயின ஆப் பண்ணிட்டுத் தொடு!" வளவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது யாருக்கும் தெரியாது. அவன் கையை எடுத்துவிட்டான். அண்ணாச்சியிடம் திரும்பி, "மாத்திர போட்டியளா? போட்டுட்டு வந்து பேசுங்க" என்றாள். கைக்குழந்தைக்காரியைப் பார்த்து, "பிள்ளையத் தூக்கு" என்றாள். ஜமீனுக்கு வாய் இல்லாததால் இதையெல்லாம் நடுங்கியே தீர்த்தது. இவளுக்கு வாய் இருந்தது. கத்திக்கொண்டே நடுங்கினாள், நடுங்கிக்கொண்டே மண்வெட்டியைக் கேட்டாள்.

குழலி அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விக்கி விக்கி, மூக்கை உறிஞ்சி, ரொம்ப நேரம் நாயையே பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

"அம்மா, நீயும் ஒருநாள் செத்துப்போயிருவியா?"

இல்லடா தங்கம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அண்ணாச்சியின் கறுப்பு உருண்டை அவள் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது, பொய் சொல்லவிடவில்லை.

"ஆமாட்டி, போவேன். எனக்கும் ரொம்பப் பயமாத்தான் இருக்கு" என்றாள் உலகம்மாள். "இன்னைக்கு இல்ல. இன்னைக்கு வேல கெடக்கு. வா, அதோட அந்தக் காலப் பிடி."

பிள்ளை முந்தானையிலிருந்து ஒரு கையை எடுத்து, அந்தக் கையால் ஜமீனின் காலைப் பிடித்தது.